காலி டப்பாவும் டப்பாதான்

நீங்கள் கொடுத்த டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், ஐயா. பரவாயில்லை, குடித்துக்கொண்டே சொல்கிறேன். ஸ்டேஷன் வெளியே பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறீர்களே, அந்த அம்மாவை முதலில் வீட்டுக்கு அனுப்புங்கள்.

நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு கணினி மொழியைப் பராமரிக்கிறோம். கடைசி முடிவு என்னுடையது. காற்புள்ளி போட்ட வரியைத் துண்டுகளாகப் பிரிக்கும்போது, இரண்டு காற்புள்ளிகளுக்கு நடுவே ஒன்றும் இல்லாவிட்டால் அந்தக் காலி இடத்தையும் ஒரு துண்டாகவே மொழி வைத்திருந்தது. யாரும் தனியாகக் கேட்காதவரை அதை நீக்கிவிடலாம் என்றேன். பார்க்கச் சுத்தமாக இருக்கும்.

அந்த அம்மா எங்கள் மொழியில் ஒரு மருத்துவமனைக்கு நிரல் எழுதுகிறவர். எங்கள் எல்லோருக்கும் அக்கா. கூட்டத்தில் சிரித்துக்கொண்டே, "காலி டப்பாவும் டப்பாதான் தம்பி. சர்க்கரை தீர்ந்துபோச்சுன்னா உங்க வீட்டுல டப்பாவையே வீசிடுவீங்களா?" என்றார். அறையே சிரித்தது.

அவர் சொன்னது சரி என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. அதுதான் சுருக்கென்று தைத்தது. "சரிக்கா, பழையபடியே விட்டுடலாம்" என்றேன். அடுத்த வெளியீட்டில் சத்தமில்லாமல் மாற்றிவிட்டேன்.

அக்கா போன் செய்தார். "புது வெர்ஷன் போடலாமா தம்பி? ஏதாச்சும் மாத்தியிருக்கீங்களா?"

"தாராளமா போடுங்கக்கா. ஒண்ணும் மாறலை."

அவருடைய நிரல் பாதியில் நின்றுபோகும், நாலு பேர் முன்னால் மூக்குடைபடுவார் என்றுதான் நினைத்தேன். அது நிற்கவில்லை. பெயர், ஒவ்வாமை, எடை, கட்டில் எண் என்று வழக்கம்போல் படித்துக்கொண்டே போனது. முதலில் வந்தது ஒவ்வாமை எதுவும் இல்லாத ஒரு சிறுமி. அந்தக் காலி இடம் போனதும் மற்றவையெல்லாம் ஓர் இடம் முன்னால் நகர்ந்தன. எடை இருக்க வேண்டிய இடத்தில் கட்டில் எண் வந்து உட்கார்ந்தது. அவளுடைய கட்டில் வார்டின் கோடியில் இருந்தது, எண் பெரியது. மருந்தின் அளவை நிரல் அதையே எடையாக வைத்துக் கணக்கிட்டது. நர்ஸ் நம்பி ஊசி போட்டார். பிள்ளை பிழைக்கவில்லை.

அக்காவைப் பார்க்கப் போனேன். "நான்தான் சரியாப் பாக்கலை தம்பி, புள்ளையக் கொன்னுட்டேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். உண்மை வாய் வரை வந்தது, ஐயா.

"விடுங்கக்கா, யாருக்கும் தப்பு நடக்கும்" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் மொழியைப் பழையபடி மாற்றி வைத்தேன். அதன்பிறகு எனக்குச் சோறு இறங்குவதில்லை. என் மகள் "அப்பா" என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கக் கூசுகிறது. கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அன்று எல்லோர் முன்னாலும் என்னைக் கேலி செய்ததற்காக அக்காவை நான் மன்னித்துவிட்டேன்.