நழுவாத படம்

கிரிஸ்டல் தேர்ந்தெடுக்கும்போது அவசரப்படக் கூடாது, ஐயா. தகர உறைக்குள் கிடக்கும் சின்ன குவார்ட்ஸ் சில்லுதான். ஆனால் நாங்கள் பொழுதுபோக்காகச் செய்யும் குட்டி டிவிக்கு அதுதான் கடிகாரம். முப்பத்திரண்டே கோடுகளில் ஒரு முகம் தெரியும். அனுப்புகிறவனின் கடிகாரமும் பார்க்கிறவனின் கடிகாரமும் ஒரே வேகத்தில் ஓடினால் படம் நடுவில் நிற்கும். துளி பிசகினாலும் ஓரமாக நழுவிவிடும்.

முட்டுக்காட்டு டிவி மெக்கானிக் சம்பத் என் நண்பன். பழைய கலர் டிவியில் பிடுங்கிய கிரிஸ்டலே போதும் என்பான். அது நமக்கு வேண்டிய விநாடிக்கு நானூறு கோடு என்ற கணக்குக்குச் சரியாக வகுபடாது என்றால் கேட்க மாட்டான். நாலு மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் போடச் சொன்னேன். "அதுவும் வழுக்கிக்கினுதான் போவும் மச்சான்" என்று எங்கள் குழுவில் எல்லோர் முன்னாலும் சிரித்தான். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் அவனுக்கு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

என் கிரிஸ்டலையே இரண்டு பக்கமும் மாட்டிச் சோதிக்க முடிவானது. அவன் வீட்டிலிருந்து ரேடியோவில் அனுப்புவான், கேளம்பாக்கத்து ஃப்ளாட்டில் நான் பார்ப்பேன். கத்திரி வெயில். காற்று பட்டால் கிரிஸ்டலின் வேகம் மாறும். ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, கேமரா முன் அசையாமல் உட்காரச் சொன்னேன். போன வருஷம்தான் அவன் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தார்கள். அது எனக்குத் தெரியும்.

மதியத்துக்கு மேல் அவன் தலை ஒரு பக்கம் சாய்ந்தது. கை மேலே வந்து ஆடியது. என்னைக் கூப்பிடுகிறான் என்று புரிந்தது. நான் அவன் மூக்கு நின்ற கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செய்யூரில் அம்மா வீட்டுக்குப் போயிருந்த அவன் மனைவி பூங்கொடி போன் செய்தாள். "அண்ணே, அவரு போனே எடுக்கல. உங்க பொட்டில தெரியறாரா?"

"தெரியறாரும்மா. உக்காந்துகினு கீறாரு."

"மனசு ஒருமாரி கீதுண்ணே. பக்கத்து வூட்ல யாரையாச்சும் போய்ப் பாக்கச் சொல்லட்டா?"

"வாணாம்மா. கதவத் தொறந்தா காத்து வரும்."

அவள் என்னை நம்பினாள். அப்போது அவன் வாய் இன்னும் அசைந்துகொண்டிருந்தது. ஆள் போயிருந்தால் பிழைத்திருப்பான் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னீர்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

இருட்டும்வரை பார்த்தேன். படம் ஒரு கோடுகூட நகரவில்லை, ஐயா. சம்பத் மட்டும் அதைப் பார்த்திருந்தால், சொன்னது தப்பு என்று என் கையைப் பிடித்துக்கொண்டிருப்பான்.