குளம்பொலி கேட்டால் நடக்கும் குட்டை

என் கணவரின் அண்ணன் என்பதால் பெயர் சொல்ல என் நாவுக்கு உரிமையில்லாத தலைவர் அவர்களே, புழுதி குடித்துப் புரவி வளர்க்கும் பெரியோர்களே, ஒட்டகம் கறந்த ஈரக்கையோடு ஓடிவந்திருக்கும் தாய்மார்களே, கசாக் நாட்டின் இந்த மங்கிஸ்தாவ் மண்ணுக்கு மருமகளாக வந்த உல்ஜான் குனிந்து வணங்குகிறேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது. மேடையைக் கண்டு அல்ல. இந்தப் பள்ளிக்கூடத்துக்கு மேலே மேட்டில், மண்கரைக்குப் பின்னே, எண்ணெய்க் கிணற்றுக் கழிவு நிறைந்து கிடக்கிறதே, அந்தக் குட்டையைக் கண்டு. வசந்தப் புத்தாண்டாம் நவுரிஸ் திருநாளில் அந்தக் கரையோரமாகவே குதிரைப் பந்தயம் என்கிறீர்கள். கரைக்குக் கீழே நம் பிள்ளைகள் நின்று கொடி அசைப்பார்கள் என்கிறீர்கள். அவர்களில் ஒருவன் என் மகன் மீராஸ்.

"அது எப்பவோ கெட்டியாயிருச்சு, மருமகளே" என்கிறார் முன்வரிசையில் குதிரைக்கார மாமா. ஆமாம் மாமா. அதுதான் என் பயம்.

சென்ற இலையுதிர் காலம் நினைவிருக்கிறதா? சல்தானத் அக்காவின் ஒட்டகக்குட்டி அதன்மேல் கால் வைத்தது. நின்றது. "பாருடி, என் குட்டி தண்ணிமேல நடக்குது" என்று அக்காவே சிரித்தார். குட்டி மிரண்டு துள்ளியது. துள்ளத் துள்ளத் தளர்ந்தது குட்டை. தளரத் தளரத் தாழ்ந்தது குட்டி. களைத்து அசையாமல் நின்றபோது, அதன் வயிற்றைச் சுற்றிக் குட்டை மறுபடி இறுகிக்கொண்டது. நாம் கட்டி இழுத்த கயிறு அறுந்தது, குட்டை பிடி விடவில்லை. தாய் ஒட்டகம் அழுத குரல் எந்த வீட்டுக்குள் நுழையவில்லை?

அந்தக் குட்டையில் இருப்பது நீரில் எண்ணெய்த் துளிகள் கலந்து நிற்கும் கூழ். ஒவ்வொரு துளிக்கும் களிமண் துகள்கள் சட்டை போட்டிருக்கின்றன. அதனால் துளியோடு துளி சேர்வதில்லை, எண்ணெய் பிரிவதில்லை. சும்மா விட்டால் சட்டையும் சட்டையும் கைகோத்து வலையாகின்றன, நிற்கிறது. உலுக்கினால் கைகள் விடுபடுகின்றன, ஓடுகிறது. தாய்மார்களே, உறைந்த தயிரை உலுக்கினால் அது மறுபடி உறையுமா? இது உறையும். உறைந்து உறைந்தே நம்மை ஏமாற்றும்.

இதோ, அந்தக் குட்டையில் அள்ளிய ஜாடி. காலையிலிருந்து இந்த மேசையில் அசையாமல் இருக்கிறது. மூடி இல்லை. மெல்லக் கவிழ்த்து, இடைவெளி விட்ட இந்த இரண்டு செங்கல்மேல் வைக்கிறேன். ஒரு சொட்டு விழுகிறதா?

"நான் சொல்லலை? கல்லு மாதிரி நிக்குது. படிச்ச பொண்ணுக்குப் பயம் ஜாஸ்தி."

சிரியுங்கள் மாமா, சிரித்துக்கொண்டே மேலே வாருங்கள். உங்கள் சாம்பல் குதிரை எப்படி ஓடும்? மேசையில் தட்டிக் காட்டுங்கள்.

"என் சாம்பலனா? இப்படித்தான் வருவான், கேட்டுக்க."

தடதட, தடதட. கேளுங்கள், எவ்வளவு அழகான ஓட்டம். தடதட, தடதட. ஜாடியின் விளிம்பைப் பாருங்கள். பளபளக்கிறது. நூல்போல் இறங்குகிறது. கயிறுபோல் இறங்குகிறது.

விழுந்துவிட்டது, மொத்தமும். வெள்ளை விரிப்பு கறுத்துவிட்டது. கையை எடுங்கள் மாமா. போதும்.

"என் பேத்தியும் அங்கதாம்மா நிப்பா."

தெரியும் மாமா.

இது ஒரு ஜாடி. தட்டியது ஒரு கை. அங்கே இருப்பது ஒரு குட்டை. ஓடப்போவது ஊர்க் குதிரைகள் அத்தனையும். நின்றதெல்லாம் நிலமாகுமா? அசையாததெல்லாம் அடங்கியதாகுமா? அதைத் தாங்கி நிற்கும் கரை என்ன கருங்கல்லா? அதுவும் களிமண்தான், பெரியோர்களே.

தலைவர் அவர்களே, கறை மடியில் படாமலிருக்க நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டீர்கள். பார்த்தேன். நான் கேட்பதும் அவ்வளவுதான். பந்தயத்தை உப்புச் சமவெளிக்கு இழுத்துக்கொள்ளுங்கள். குட்டையை வற்றவைக்கும்வரை இந்தப் பள்ளிக்கூடத்தையும் பூட்டுங்கள்.

தலையசைத்துவிட்டீர்கள். நன்றி. பொறுமையாகக் கேட்ட அனைவருக்கும் நன்றி, வணக்கம். கைதட்ட வேண்டாம், காலும் தட்ட வேண்டாம். வெளியே போகும்போது மெல்ல நடந்து போங்கள்.