களத்தில் போட்ட எட்டு

அரிசிமாவில் போடும் கோலம் ஒரு நாளுக்கு மேல் நிற்காது. எறும்பு இழுக்கும், குருவி கொத்தும், மிச்சத்தைக் காற்று கொண்டுபோகும். அதனால்தான் தினமும் புதிதாகப் போடுகிறோம். நான் செய்ததில் இதற்கு மேல் பெரிய திட்டம் எதுவும் கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் குந்தவை. தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டை போகும் சாலையில் எங்கள் ஊர். என் கணவர் மதிவாணன், மகள் வானதி பிறந்த வருடமே சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்குப் போனவர். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவார், ஒரு மாதம் இருப்பார், போவார். இந்தப் பொங்கலுக்கு வந்தவர், "போதும் குந்தவை, இனிமே போகல" என்றார். வானதி கோயம்புத்தூரில் கல்லூரி விடுதியில் இருக்கிறாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். புதுக் கல்யாணம் மாதிரி இருந்தது.

அவர் இல்லாத காலத்தில் நான் ஒரு மொபெட் வாங்கி, ஓட்டப் பழகி, லைசென்ஸும் எடுத்திருந்தேன். வயலுக்கு உரம் போவதும், மில்லுக்கு நெல் போவதும், பள்ளிக்கூடத்துக்கு வானதி போனதும் அதில்தான். அவருக்கு சைக்கிளைத் தவிர எதுவும் தெரியாது. அங்கே கம்பெனி லாரியில் ஏறி, கம்பெனி லாரியில் இறங்கியவர். அதனால் எங்கே போனாலும் நான் ஓட்டுவேன், அவர் பின்னால் உட்கார்ந்து வருவார்.

எதிரே உட்கார வைத்தால் அவருக்குப் பேச்சு வராது. டீயைப் பார்ப்பார், டிவியைப் பார்ப்பார். வண்டியில் ஏறி என் தோளில் கை வைத்துவிட்டால் மட்டும் காதருகே பேச ஆரம்பித்துவிடுவார். ஒருநாள் மில்லுக்குப் போய்த் திரும்பும்போது, "உன் பின்கழுத்துல ஒரு மச்சம் இருக்கே, தெரியுமா?" என்றார். மகள் கல்லூரிக்குப் போன பிறகு இதைக் கேட்கிறேன். வாய்க்கால் பாலத்தருகே வேகத்தைக் குறைத்து, சுற்று வழியில் வீட்டுக்கு வந்தேன்.

பக்கத்து வீட்டு சாவித்திரி அக்காவுக்குத்தான் அது பொறுக்கவில்லை. "என்ன தம்பி, டிக்கெட் எடுத்துட்டுத்தானே ஏறுனீங்க?" என்று வாசலில் நின்று கேட்டார். இவர் சிரித்துவிட்டார். ஆனால் அன்று வழியெல்லாம் என் காதில் ஒரு வார்த்தையும் விழவில்லை.

அந்த வாரமே இவர் கடைத்தெருவில் விதைக்கடை வைத்திருக்கும் அறிவுச்செல்வனைப் போய்ப் பார்த்தார். கிராமம் கிராமமாகப் போய் விவசாயிகளிடம் பேச அவருக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. "உங்கள மாதிரி ஆளுதாண்ணே வேணும். வண்டியில சுத்துற வேலை. குறுவைக்குத் தண்ணி வர்றதுக்குள்ள லைசென்ஸோட வந்துருங்க, சீட்டு உங்களுக்குத்தான்" என்று சொல்லி அனுப்பினார். இந்த வேலை கிடைத்தால் இவர் ஊரோடு இருப்பார். கிடைக்காவிட்டால் மறுபடி சிங்கப்பூர்தான். இது எனக்கும் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் என்னிடம், "லைசென்ஸ் மட்டும் கைக்கு வரட்டும். அப்புறம் நீ இந்த வண்டியத் தொடவே வேணாம். நான் ஓட்டுறேன், நீ பின்னாடி உக்காந்து ராணி மாதிரி வா" என்றார். எவ்வளவு பிரியம் பாருங்கள். அன்று சாயங்காலமே மாவு டப்பாவை எடுத்துக்கொண்டு அவரைக் களத்துக்கு அழைத்துப் போனேன்.

இரண்டு சக்கர வண்டிக்கு லைசென்ஸ் வேண்டுமென்றால் எட்டு போட வேண்டும். தரையில் வரைந்த எட்டின் மேலேயே, கால் ஊன்றாமல் ஓட்டிக் காட்ட வேண்டும். சித்திரை மாதம், அறுவடை முடிந்து ஊர்க் களம் காலியாகக் கிடந்தது. சிமெண்டுத் தரையில் நான் எட்டு வரைந்தேன். முதலில் சரியான அளவில்தான் வரைந்தேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஒரே வாரத்தில் தேறிவிடுவார் போலிருந்தது. எனக்கு அது கொஞ்சம் அவசரமாகப் பட்டது. மறுநாள் மாவு போடும்போது ஒரு சாண் தள்ளிப் போட்டேன். அதற்கு மறுநாள் இன்னொரு சாண். கோலம் போட்டுப் பழகிய கைக்கு இது ஒன்றும் சிரமமில்லை. வளைவு பெரிதாகும், வடிவம் மாறாது. முதல்நாள் போட்டதை எறும்பு தின்றுவிட்டிருக்கும் என்பதால் ஒப்பிட்டுப் பார்க்கவும் வழியில்லை. தேர்வு நெருங்கியபோது அந்த எட்டில் டிராக்டரே திரும்பலாம். இவர் ஒரு கையை விட்டுவிட்டு எனக்கு டாட்டா காட்டிக்கொண்டே சுற்றினார். "வந்துருச்சுல்ல?" என்றார். "நல்லா வந்துருச்சுங்க" என்றேன்.

தேர்வு நாளில் ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானத்தில் பிரேக் இன்ஸ்பெக்டர் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இவர் முதல் வளைவிலேயே கோட்டை விட்டு வெளியே போய், புல்லில் நின்றார்.

"அங்க எட்டு சின்னதா இருந்த மாதிரி இருக்கு" என்றார் திரும்பும் வழியில்.

"பயத்தோட பாத்தா எல்லாம் அப்புடித்தாங்க தெரியும்."

அன்று விரால் மீன் வாங்கிக் குழம்பு வைத்தேன். தோற்றுவிட்டு வந்தவரைப் பட்டினி போடும் மனசு எனக்கில்லை.

இரண்டாவது முறையும் அப்படியே ஆனது. சாவித்திரி அக்கா, "எட்டு வரலன்னா ஏழு போட்டுப் பாருங்களேன் தம்பி. கோடு கம்மி" என்றார். இவர் அதன் பிறகு அந்த வீட்டு வழியாக நடப்பதை விட்டுவிட்டார். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. மறுபடியும் விரால் வாங்கினேன்.

ஆனால் இந்தத் தடவை மைதானத்திலிருந்து கிளம்புமுன் அங்கிருந்த எட்டைக் காலடியால் அளந்துவிட்டு வந்திருக்கிறார். நேரே களத்துக்குப் போய் என்னுடையதையும் அளந்தார். நான் மாவு டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"குந்தவை, உன் எட்டு ரொம்பப் பெருசா இருக்கு."

நான் டப்பாவின் மூடியை அழுத்தி மூடினேன்.

"பாவம், நீயும் கண்ணளவுலதானே போடுற" என்று அவரே சொல்லி, டப்பாவை வாங்கிக்கொண்டார். சந்தேகப்படத் தெரியாத மனிதர். அன்றிலிருந்து அவரே அளந்து, அவரே வரைந்தார். அவருடைய கோடு எனக்குப் பிடிக்கவில்லை, ஒரே கோணல். ஆனால் அளவு சரியாக இருந்தது. அதன் மேல் வண்டி நூல் பிடித்த மாதிரி போய் வந்தது.

மூன்றாவது முறையும் தோற்றால் மறுபடி வர இரண்டு மாதம் ஆகும் என்று ஆபீசில் சொல்லியிருந்தார்கள். அறிவுச்செல்வன் அதுவரை காத்திருக்க மாட்டார். எனவே அன்று விடியற்காலையில் இவர் சாமி கும்பிட்டார். நானும் கூடவே கும்பிட்டேன்.

இவர் அருமையாகத்தான் ஓட்டினார். முதல் வளைவு முடிந்தது. இரண்டாவது வளைவும் முக்கால்வாசி முடிந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் பேனாவின் மூடியைத் திறந்தார். நான் கயிற்றுக்கு வெளியே நின்று, "ஏங்க, பாத்து!" என்றேன். கொஞ்சம் சத்தமாகத்தான்.

என்னைப் பார்த்தார். கால் தரையில் ஊன்றியது.

சுற்றி நின்றவர்கள் என்னைத்தான் தேற்றினார்கள். "கட்டுன புருஷன் கீழ விழுந்துருவாரோன்னு பயம் இருக்காதா?" என்று ஒரு அம்மா தண்ணீர் பாட்டிலை நீட்டினார். குடித்தேன். தாகமாகத்தான் இருந்தது.

வேண்டுமென்றே செய்தாயா என்று கேட்பீர்கள், அதற்குப் பதில் இதுதான். நான்தான் செய்தேன். மூன்று முறையும் நான்தான். அவர் பின்னால் உட்கார்ந்து என் காதில் பேசிக்கொண்டே வர வேண்டும், அது ஒன்றுக்காகத்தான். மனைவிக்கு இந்த ஆசை கூட இருக்கக் கூடாதா?

அவர் பழைய மேஸ்திரிக்கு போன் போட்டார். "நாலு மாடிக்குச் சாரம் கட்டுறவன் நானு. எனக்கு ஒரு எட்டு வரலியே" என்று மட்டும் சொன்னார். விசா வந்தது. தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டு வரை நான்தான் கொண்டுபோய் விட்டேன். பின்னால் உட்கார்ந்து, "நீ இருந்ததுனாலதான் தாங்குனேன். அந்த வேலைக்கு நீயே போயேன், உங்கிட்டதான் லைசென்ஸ் இருக்கே" என்றார். இந்தக் காதில் சொன்னார். நான் வேண்டாம் என்றுதான் முதலில் சொன்னேன்.

ஆனி பிறந்ததிலிருந்து போய்க்கொண்டிருக்கிறேன். ஒரு நாளைக்கு ஆறேழு கிராமம். ஆற்றங்கரையில் காற்று முகத்தில் அடிக்கும்போது சும்மா சொல்லக் கூடாது, நன்றாகத்தான் இருக்கிறது. அவர் தினமும் போன் பேசுகிறார். வண்டி ஓட்டும்போது நான் எடுப்பதில்லை, அது தப்பு. விதை மூட்டை கட்ட இடம் போதவில்லை என்று பின் சீட்டைக் கழற்றிவிட்டேன். அதை மாட்டுவது ஒன்றும் பெரிய வேலை இல்லை என்று மெக்கானிக்கும் சொன்னார். அவர் திரும்பி வந்தால் பார்த்துக்கொள்ளலாம். சீட்டைப் போன வாரம் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டேன். வீட்டில் வீணாக இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தது.