மேசையில் இருக்கும் ஹெல்மெற்

ஹெல்மெற் வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் முதலில் நிறத்தைத்தான் பார்க்கிறார்கள். லவனும் அப்படித்தான். எனக்கு அவர் அனுப்பிய மூன்று படங்களிலும் பளபளப்புத் தெரிந்ததே தவிர, காதுப் பக்கம் தெரியவில்லை.

மேலே மூடியில்லாத சின்ன விமானத்தில் ஹெல்மெற் தலைக்காக அல்ல ஐயா, காதுக்காக. முதுகுக்குப் பின்னால் எஞ்சின் கத்தும், முகத்தில் காற்று அடிக்கும். காது மெத்தை இடைவெளி இல்லாமல் ஒட்டி நிற்க வேண்டும். கண்ணாடி போடுகிறவர் என்றால் அதன் காம்பு மெத்தையைத் தூக்கிவிடும், அந்த இடுக்கால் இரைச்சல் உள்ளே வரும். பாரம் கூடினால் அரை மணித்தியாலத்தில் கழுத்து நோகும். மைக் உதட்டில் இருந்து ஒரு விரல் அகலத்தில் நிற்க வேண்டும். விசாரிக்க வந்த நீங்கள் மூன்று நாளாக அந்த ஹெல்மெற்றை மேசையில் வைத்து உருட்டுகிறீர்கள். இதில் ஒன்றையாவது பார்த்தீர்களா என்று தெரியவில்லை.

லவன் புங்குடுதீவில் பிறந்து, எட்டு வயதில் சுவிஸுக்குப் போய், நாற்பது வயதில் விமானம் ஓட்டப் படித்துக்கொண்டு திரும்பி வந்தவர். சாட்டிக் கடற்கரைக்குப் பக்கத்தில் ஒரு வெட்டைவெளியைச் சமப்படுத்தி, வருகிறவர்களை ஏற்றித் தீவுகளைச் சுற்றிக் காட்டினார். சனம் அதைப் 'பறக்கிற ஓட்டோ' என்றது. நான் வேலணையில் முப்பது வருடம் றேடியோ திருத்தியவன். கீழே நின்று, காற்று எப்படி, எந்தப் பக்கம் இறங்குவது என்று அவருக்கு றேடியோவில் சொல்வது என் வேலை.

ஐப்பசி மழைக்குப் பிறகு கிழக்குப் பக்க மண் இளகிக் கிடந்தது. அங்கே இறங்க வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னேன். இறங்கினார். விமானத்தின் சில்லுப் புதைந்து வளைந்தது. கூடி நின்ற சனத்துக்கு முன்னால், "சிவகுரு அண்ணை சொன்னது எனக்கு விளங்கேல்லை" என்றார். விளங்கவில்லையாம். என் றேடியோவில் பேசியது விளங்கவில்லை என்று அதற்கு முன் ஒருவரும் சொன்னதில்லை. பழைய ஹெல்மெற்றில் இரைச்சல் கூட, அதனால் புதிது வாங்கப் போவதாகப் பிறகு வந்து சமாளித்தார். "உங்கட காதுக்குத்தான் இதெல்லாம் தெரியும் அண்ணை, நீங்களே பாத்துச் சொல்லுங்கோ" என்றார். பொறுப்பை அடுத்தவன் தலையில் கட்ட இப்படிப்பட்ட ஆட்களிடம் எப்போதும் இனிப்பான பேச்சு ஒன்று இருக்கும்.

பார்த்துச் சொன்னேன். பொத்தானை அழுத்திப் பேசுகிற வகை ஒன்று இருந்தது. அதை விட்டுவிட்டு, குரல் கேட்டதும் மைக் தானாகத் திறக்கிற வகையைச் சொன்னேன். மைக் திறந்திருக்கும்வரை எதிர்ப்பக்கத்துப் பேச்சு காதில் விழாது. அதனால்தான் காற்றை மறிக்க மைக்கின் மேல் பெருவிரல் நுனியளவு பஞ்சு ஒன்று போட்டிருக்கும். பஞ்சு இல்லாவிட்டால் மைக் காற்றையே குரலென்று எண்ணித் திறந்தபடியே இருக்கும். போட்டிருக்கிறவர் பேசலாம், கேட்க ஏலாது. அவருக்கு அதைவிடப் பொருத்தமான ஹெல்மெற் கிடையாது.

நான் அவசரப்படுகிறவன் அல்லன். மூன்று கிழமை பஞ்சோடு ஒழுங்காகவே வேலை செய்தது. அந்த மூன்று கிழமையும் ஒவ்வொரு முறை இறங்க முதலும் "இந்தப் பக்கம் சரியோ அண்ணை" என்று கேட்பார், நான் ஓம் என்ற பிறகுதான் இறங்குவார். என்னை நையாண்டி பண்ணுகிறார் என்று எனக்குத் தெரியாதா?

பொங்கலுக்கு அடுத்த நாள் சாட்டியில் பட்டப் போட்டி. இரண்டு மணிக்கு என்று அவரிடம் சொன்னவன் நான். பத்து மணிக்கே ஏற்றிப் பார்ப்பார்கள் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும், அவருக்குத் தெரியாது. ஒன்பதரைக்குத் தனியாக ஏறினார். ஹெல்மெற்றைத் துடைத்துக் கொடுத்தவனும் நான்தான். பஞ்சு என் காற்சட்டைப் பைக்குள் இருந்தது.

அவர் திரும்பி வரும்போது கிழக்குக் கரையில் பதினைந்து பட்டங்கள் நின்றன. மேலே இருக்கிறவருக்குப் பட்டம் தெரியும், நூல் தெரியாது.

"அண்ணை, எந்தப் பக்கத்தால இறங்க?"

மேற்குப் பக்கத்தால் வரச் சொல்லிச் சத்தமாகவே மறுமொழி சொன்னேன். நாரந்தனையில் இருந்து எங்களுக்கு றோட்டில் ஆட்களை ஏற்றி வான் ஓட்ட வருகிற சில்வெஸ்ரர் பக்கத்தில் நின்றார். நான் சொன்னதைத் தன் காதால் கேட்டதாக உங்களிடம் சாட்சி சொல்லியிருக்கிறார். அந்த மனிதர் பொய் சொல்லவில்லை. பட்டங்களை இறக்கச் சொல்ல அவர் கரைக்கு ஓடிப்போனார். லவனின் குரல் என் காதுக்கு மட்டும் வந்துகொண்டிருந்தது.

"நீங்கள் சொல்லாமல் நான் இறங்க மாட்டன் அண்ணை. சுத்திக்கொண்டு நிக்கிறன்."

இரண்டு முறை சுற்றினார். இரண்டு முறையும் மேற்கு என்றேன்.

"ஒண்டும் கேக்குதில்லை அண்ணை. கிட்ட வாறன், கையைக் காட்டுங்கோ. நீங்கள் காட்டுற பக்கம் இறங்கிறன்."

தாழ வந்தார். எனக்கு அவருடைய முகம் தெரிந்தது. என்னைத்தான் பார்த்தார். என் வலது கையில் மைக் இருந்தது. இடது கை பைக்குள் பஞ்சை உருட்டிக்கொண்டிருந்தது. இரண்டையும் நான் தூக்கவில்லை. நைலோன் நூல் வெயிலில் ஒருமுறை மினுங்கியது. அதற்குப் பிறகு நடந்தது உங்களிடம் படங்களாக இருக்கிறது.

நேற்று உங்கள் அறிக்கையை வாசித்தேன். நிலத்து றேடியோவில் பழுது, அதனால் எச்சரிக்கை போய்ச் சேரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அவ்வளவு காற்றுக்குள்ளும் அவர் மூச்சு வாங்குவதுகூட எனக்குத் தெளிவாகக் கேட்டது ஐயா. அதற்குப் பெயரா பழுது? அதைத் திருத்தத்தான் நானாக வந்தேன். இந்தாருங்கள் பஞ்சு. மைக்கில் போட்டுப் பாருங்கள், பொருந்தும். நான்தான் கழற்றினேன், கொல்லத்தான் கழற்றினேன் என்று எழுதுங்கள். றேடியோவில் ஒரு குறையும் இல்லை என்று அதற்கு மேலே எழுதுங்கள்.

லவன் எப்படிப்பட்டவர் என்று கேட்டீர்கள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். யார் சொன்னாலும் கேட்காத மனிதர்.