கம்பி மூடியின் நான்கு போல்ட்டுகள்

பழைய ரப்பர் செருப்பில் நல்ல ரப்பர் இருப்பது நடுப்பகுதியில்தான். குதிகால் பக்கம் மிதிபட்டுச் செத்துப் போயிருக்கும். நடுவில் வெட்டி எடுத்தால், எத்தனை தரம் அமுக்கினாலும் மெல்ல எழும்பி வரும். இது நானே கண்டுபிடித்த விஷயம்.

லூசியா அக்கா, நீங்கள் கேட்டது இதைப் பற்றி இல்லை என்று தெரியும். இங்கிருந்து தொடங்கினால்தான் எனக்குச் சொல்ல வரும்.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீங்கள் சொன்னதை மூன்று நாளாக யோசித்தேன். தோஹாவில் பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை செய்துவிட்டு வந்தால் யோசிக்கவும் உடம்பில் தெம்பு இருப்பதில்லை.

"அழகம்மா வீட்டுக்கு வந்து அழுவுறா, லோரன்ஸ். சண்ட முடிஞ்சிருச்சு, எல்லாரும் முகாம் முகாமா போயி பேரு விசாரிக்கிறாங்க. இவ மட்டும் தம்பிய தேடிப் போகமாட்டேங்குறா. நேந்து கட்டுன காப்பு அறுந்ததால அவன் போயிட்டானாம். நூல் நெசமாவே சிக்கிச்சான்னு ஒங்கிட்ட கேட்டுச் சொல்லச் சொல்றா. நீதானே அங்க நின்ன? சிக்கலன்னு நீ ஒரு வார்த்த சொன்னா, நாளைக்கே கெளம்பிருவா."

நான்தான் அங்கே நின்றேன். வேறு யாரும் இல்லை. அதனால் முழுவதையும் சொல்கிறேன்.

ஜமால்தீன் முதலாளியின் தொழிற்சாலையில் மிளகுக்கும் கறுவாப் பட்டைக்கும் அட்டைப்பெட்டி செய்தோம். ஒரு பக்கம் பெரிய அட்டைச் சுருள். அது இரண்டு உருளைகளுக்கு நடுவே ஓடும். கீழ் உருளை மொழுமொழுவென்று இருக்கும். மேல் உருளையில் பெட்டியின் வடிவத்துக்கு வளைத்த பிளேடுகள். ஒரு சுற்றுக்கு ஒரு பெட்டி, மடிக்காத துண்டாக வெட்டுப்பட்டு மறுபக்கம் விழும். விழ வேண்டும். பாதி நேரம் விழாது. பிளேடுகளுக்கு நடுவில் ஒட்டிக்கொண்டு மறு சுற்றுக்கும் போகும். அடுத்த துண்டோடு இரட்டையாகச் சேர்ந்து பிளேடை மழுக்கும். ஒட்டியதை எடுக்க முன்னால் இருக்கும் கம்பி மூடியைத் தூக்க வேண்டும். தூக்கினால் சுவிட்ச் விழுந்து மெஷின் நின்றுவிடும். மறுபடி ஓட்டினால் சுருள் இழுபட்டு, முதல் ஐந்தாறு துண்டுகளில் மடிப்புக்கோடு தவறும். ஒரு நாளைக்கு முப்பது தரம் இப்படி நிற்கும்.

நான் முதலில் செய்தது செருப்பு ரப்பர். துண்டைத் தள்ளிவிட பிளேடு ஓரங்களில் ஒட்டினேன். நிற்பது பாதியாகக் குறைந்தது. இரண்டாவதாக, கம்பி மூடியின் நான்கு போல்ட்டுகளைக் கழற்றி, மேலே புதுத் துளை போட்டு, மூடியை மூன்று அங்குலம் உயர்த்தினேன். முன்பு அடியில் ஓர் அங்குலம்தான் இடைவெளி. விரல் நுழையும், கை நுழையாது. இப்போது கித்துல் பனைக் குச்சியை விட்டு, மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும்போது ஒட்டிய துண்டைத் தட்டிவிடலாம். சுவிட்ச்சுக்கு எதுவும் தெரியாது.

முதலாளி மூடியைப் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது. விழுந்து குவிந்த துண்டுகளைப் பார்த்தார்.

"உன்ட மூளைக்கு இந்த ஊர் பத்தாது தம்பி," என்றார். "கட்டார்ல என்ட மச்சான்ட கம்பெனியும் பெட்டி மெஷின்தான். மாசி முடியட்டும், ஒரு கடிதம் தாறன்."

அந்த மெஷினில் என்னோடு நின்றது அழகம்மாக்கா. யட்டவத்தப் பக்கத்துத் தோட்ட லயத்து வீட்டிலிருந்து முதல் பஸ்ஸில் வருவார். அவர் கையைப் போல வேகமான கை அங்கே இல்லை. வாயும் அப்படித்தான்.

"ஒங்களுக்கு பொண்ணு பாக்கப் போனா இந்த மெஷினையும் கூட்டிட்டுத்தான் போகணும் தம்பி. அது சம்மதிச்சாத்தானே நீங்க தாலி கட்டுவீங்க," என்பார்.

அவருடைய தம்பி நல்லையா கொழும்பில் ஹோட்டல் வேலை செய்தவன். ஒரு ராணுவச் சுற்றிவளைப்பில் லொட்ஜிலிருந்து பிடித்துக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு எந்தத் தகவலும் இல்லை. லீவு நாள் ஒவ்வொன்றிலும் அழகம்மாக்கா அவனுடைய போட்டோவை எடுத்துக்கொண்டு ஏதாவது ஒரு முகாம் கேட்டுக்கு முன்னால் நின்றார். போன வருஷம் மாசித் திருவிழாவுக்கு, அவன் வர வேண்டும் என்று நேர்ந்து காப்புக் கட்டினார். மஞ்சள் நூல், இடது மணிக்கட்டில்.

நூல், வளையல், கடிகாரம் எதையும் மெஷினுக்கு அருகில் போடக்கூடாது என்று சுவரில் மூன்று பாஷையிலும் எழுதியிருந்தது.

"திருவிழா முடியிற வரைக்கும் இத அவுக்க ஏலாது தம்பி. நடுவுல அறுந்தா நேந்தது பலிக்காது. என்னைய ஒட்டுற மேசைக்கு மாத்தி விடுங்களேன்," என்று கேட்டார்.

மாற்றியிருக்கலாம். வேறு கை போட்டால் வேகம் குறையும். கடிதம் வரும் மாதம் அது. "மேல பிளாஸ்டர சுத்திக்கங்க, போதும்," என்றேன். அவர் நம்பிச் சுற்றிக்கொண்டார்.

அன்று காலையில் வேகத்தையும் கொஞ்சம் கூட்டியிருந்தேன். "இன்னைக்கு இதுக்கு பேய் புடிச்சிருக்கு," என்று அவர் சிரித்தார். பத்து மணிக்கு மற்றவர்கள் தேத்தண்ணிக்குப் போனார்கள். சுருள் முடியட்டும் என்று நாங்கள் நின்றோம். ஒரு துண்டு இடது ஓரமாக ஒட்டியது. வலது கையில் இருந்த குச்சிக்கு எட்டவில்லை. அவர் இடது கையை விட்டார்.

நான் உடனே சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். உருளையின் கைச்சக்கரத்தைப் பின்னால் சுற்றினேன். கை வெளியே வந்தது. மூன்று விரல்கள் வரவில்லை. முந்தானையை அதில் சுற்றி, அவரை மெஷினோடு சாய்த்து உட்கார வைத்தேன். பிளாஸ்டருக்கு அடியில் காப்பு அப்படியே இருந்தது. ஓர் இழைகூட அறவில்லை.

பிறகு ஸ்பேனரை எடுத்தேன்.

நான்கு போல்ட்டுகள். கழற்றி, மூடியை இறக்கி, பழைய துளையில் மாட்டி முறுக்க எட்டு நிமிடமாவது பிடித்திருக்கும். அவர் கண்ணை இறுக்கி மூடியிருந்தார், கை மரத்துவிட்டது. அது இன்னும் உள்ளேதான் இருக்கிறது என்று நினைத்தார்.

"வந்துருச்சா தம்பி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

"இந்தா அக்கா, கழட்டிக்கிட்டிருக்கேன்," என்றேன்.

நாலாவது போல்ட்டை முறுக்கும்போது கேட்பதை நிறுத்திவிட்டார். மயங்கியிருந்தார். ஓர் அங்குலத்துக்குள் கை எப்படிப் போனது என்று கேட்பார்களே என்று அப்போதுதான் நினைவு வந்தது. அட்டை வெட்டும் கத்தியால் பிளாஸ்டரையும் நூலையும் வெட்டி எடுத்தேன். நூலை உருளைகளுக்கு நடுவே வைத்து, சக்கரத்தை ஒரு சுற்று சுற்றினேன். அதற்குப் பிறகு போய் ஆட்களைக் கூப்பிட்டேன். ஆஸ்பத்திரியில் டாக்டர், ரத்தம் நிறையப் போயிருக்கிறது, எவ்வளவு நேரம் கழித்துக் கொண்டுவந்தீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார். உடனே கொண்டுவந்தோம் என்றேன்.

முதலாளி நூலைப் பார்த்தார். மூடி இருந்த இடத்தில் இருந்தது.

"நூலோட கிட்ட போக வேணாம்னு நீ சொல்லல்லயா தம்பி?"

"சொன்னேன் முதலாளி. அவங்க கேக்கல."

விசாரணையிலும் இதையேதான் எழுதினார்கள். பிழை அழகம்மாக்காவின் மேல் என்று வேலையிலிருந்து நிறுத்தினார்கள். மூடி உயர்ந்திருந்தது அவருக்கும் தெரியும். அதை என் கெட்டித்தனம் என்றுதான் எப்போதும் நினைத்திருந்தார். யாரிடமும் சொல்லவில்லை.

வார்டில் கண் விழித்ததும் அவர் விரல்களைத் தேடவில்லை. மணிக்கட்டைத் தடவினார்.

"காப்பு எங்க தம்பி?"

"சிக்கிருச்சு அக்கா. அதுதான் கைய இழுத்திருச்சு."

"அப்ப அவன் வரமாட்டான்," என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் எந்தக் கேட்டுக்கும் போகவில்லை என்று நீங்கள் சொல்லித்தான் தெரியும்.

கடிதம் கிடைத்தது. நான் புறப்பட்ட அன்று பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு பொட்டலம் மிளகோடு வந்தார். இருந்த இரண்டு விரலால் என் கையைப் பிடித்து, சுற்றி நின்றவர்களுக்குக் காட்டினார்.

"இந்தப் புள்ளதான் ஸ்பேனரோட வந்து என் கைய எடுத்து விட்டது," என்றார்.

நான் பொட்டலத்தை வாங்கிக்கொண்டேன். பஸ்ஸும் வந்துவிட்டது.

இங்கே இருக்கும் மெஷினில் கம்பி மூடிக்குப் பூட்டுப் போட்டிருக்கிறார்கள், சாவி மேனேஜரிடம். துண்டு ஒட்டுவதும் இல்லை, உருளைக்குள்ளிருந்து காற்று அடித்துத் தள்ளுகிறது. முதல் நாள் அதைப் பார்த்தபோது, நம்முடையதற்கும் இப்படி ஒன்று இருந்தால் அழகம்மாக்காவுக்குக் கை இருந்திருக்கும் என்று உண்மையாகவே வருத்தப்பட்டேன். ஆக, நான் கல்நெஞ்சன் இல்லை அக்கா. இருபத்திரண்டு வயதில், எட்டு நிமிடத்தில் ஒருவனுக்கு என்ன தோன்றுமோ அதைத்தான் செய்தேன். அப்பாவின் மருந்தும் உங்கள் வீட்டுக் கூரையும் அந்தக் கடிதத்தில் வந்தவைதான்.

நூல் சிக்கவில்லை. நான் வெட்டினேன். நீங்கள் கேட்டதற்கு இதுதான் பதில், இது உங்களுக்கு மட்டும்.

அழகம்மாக்கா வந்தால், சிக்கியது உண்மைதான், லோரன்ஸ் தன் கண்ணால் பார்த்தானாம் என்று சொல்லிவிடுங்கள். எத்தனையோ கேட்டுக்கு முன்னால் நின்று களைத்துப்போன மனுஷி. இப்போதுதான் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். இன்னொரு தரம் அவரை அலைய வைக்க எனக்கு மனம் வரவில்லை.