வீக்க மாத்திரை

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். எத்தனையோ பேர் தடுத்தும் வெல்டிங் பட்டறை, மாடி வீடு, அரியாங்குப்பம் பஸ் நிறுத்தத்தில் இரும்பு பெஞ்சு, தண்ணீர்க் குழாய் என்று எல்லாவற்றையும் தனியாளாகப் போட்டேன்.

போன வாரம் அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். முட்டி ஆபரேஷன் முடிந்து தையல் பிரிக்கப் போகும் ஒருவரும் அவர் மனைவியும் பக்கத்தில் இருந்தார்கள். வலியில் அவர் முகம் கோணியிருந்தது. ஆனாலும் மனைவி நீட்டிய மாத்திரையைத் தள்ளிவிட்டார்.

“மெடிக்கல்காரனே வீக்க மாத்திரைன்னுதான் சொன்னான். தூக்க மாத்திரை போட்டா தூக்கம் வருது. அப்போ இது போட்டா இன்னா வரும்?”

“யோவ், தலைவலி மாத்திரை போட்டா தலைவலியா வருது?”

“பேதி மாத்திரை போட்டா பேதிதான வருது?”

கேட்டுக்கொண்டிருந்த எனக்கே குழம்பிவிட்டது. எனக்கே குழம்பிவிட்டது.

“எனக்கு ஒண்ணும் புரியலய்யா. நீ வலியில மொனவுறத கேக்க முடியல. இட்லி தின்னுட்டல்ல, போடு. வீங்குனா டாக்டர்கிட்டதான போறோம், காட்டிக்கலாம்.”

குழாயில் தண்ணீர் பிடித்து வந்து கொடுத்தாள். அவர் விழுங்கிவிட்டு, வீங்குகிறதா என்று முட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீங்கினால் அது மெடிக்கல்காரர் பாடு. வலி நின்றால் டாக்டரை மட்டும் புகழாதீர்கள். மாத்திரை உள்ளே போனது என் தண்ணீரில். குழாய்மேல் என் பெயரை எழுதியாக வேண்டும்.