ஆறு மணிக்குள் தெளியணும்

வெர்னா: நான் சிரிக்கல. போனை வாய்கிட்ட வெச்சு மறுபடி சொல்லு. தண்ணி என்ன நிறம்?

லைல்: கறுப்பு... டிராக்டர்ல பழைய ஆயில் இறக்கின மாதிரி. காலையில புது ஃபில்டர் மாட்டினதுலேர்ந்து இப்படித்தான்.

வெர்னா: மாட்டினதும் குழாயைத் திறந்து விட்டியா?

லைல்: விட்டேனே. ஒரு டம்ளர்.

வெர்னா: ஒரு டம்ளரா... ஃபில்டர் பெட்டியில என்ன எழுதியிருக்கு?

லைல்: பெட்டியைக் கணப்புல போட்டு எரிச்சுட்டேன்.

வெர்னா: எப்பவும் போல. அது ஃபில்டருக்குள்ள இருக்கிற கரித்தூள், லைல். பத்து நிமிஷம் தண்ணி ஓடினாத்தான் போகும்.

லைல்: நான் காபி வடிகட்டுற காகிதத்துல...

வெர்னா: கடவுளே.

லைல்: நாலு காகிதம் ஆச்சு.

வெர்னா: பச்சைத்தண்ணிக் குழாயை முழுசாத் திற. என்ன அவசரம் உனக்கு? கிணத்துத் தண்ணியை அப்படியே குடிக்கிற ஆளாச்சே.

லைல்: எனக்கில்ல... நாய்க்கு.

வெர்னா: நாய் என் காலடியில குறட்டை விடுது. விவாகரத்து ஆனப்ப அதை நான் கூட்டிட்டு வந்துட்டேன், ஞாபகமிருக்கா?

லைல்: ஆமால்ல.

வெர்னா: எத்தனை மணிக்கு வர்றா?

லைல்: யாரு... ஆறு மணிக்கு.

வெர்னா: இப்ப அஞ்சேகால்.

லைல்: கோரின்னு பேரு. வெள்ளிக்கிழமை சர்ச் மீன் விருந்துல அவளா வந்து பேசினா. அத்தனை பேர் இருக்க என்கிட்ட ஏன் வந்தான்னே தெரியல.

வெர்னா: ஆச்சரியம்தான். தண்ணியைப் பாரு.

லைல்: கறுப்பு போயிருச்சு... இப்ப பால் மாதிரி வருது. அவ்வளவுதான் வெர்னா, அவளை வர வேண்டாம்னு சொல்லிடறேன்.

வெர்னா: சொன்னே, தொலைச்சிடுவேன். கண்ணாடி டம்ளர்ல பிடிச்சு வை. என்ன ஆகுது?

லைல்: அடியிலேர்ந்து... தெளியுது. மேல மேல... அட.

வெர்னா: வெறும் காத்து. மாட்டும்போது உள்ள போயிருக்கும், ரெண்டு நாள்ல சரியாயிடும். குடிச்சுப் பாரு.

லைல்: நல்லாத்தான் இருக்கு. சரி, காபி போடறேன்.

வெர்னா: வேண்டாம். மத்தியானத்துக்கு மேல அவ காபி தொடமாட்டா. இஞ்சி டீ போடு.

லைல்: உனக்கெப்படித் தெரியும்?

வெர்னா: முதல்ல அடுப்புல தண்ணியை வை.

லைல்: வெர்னா?

வெர்னா: மூணு வருஷமா ஒழுகற குழாய்க்கும் அடைச்ச சிங்க்குக்கும் போன்லயே வழி சொல்லி எனக்கு அலுத்துப்போச்சு, லைல்... அதான் அந்த மீன் விருந்துல பிளம்பராப் பாத்து உன் மேஜைக்கு அனுப்பினேன்.